வெளித்தொகுதி வாக்காளர் போட்டியிட முடியாதா?

வேட்பாளரின் பெயர் அவர் நிற்கும் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் இல்லையென்றால் மனு செல்லாது என்று தேர்தல்தோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறானது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, சட்டமன்றப் பொதுத் தொகுதியில் போட்டியிடுபவர், அம்மாநிலத்தின் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும்; வேறு தொகுதிக்காரர் எனில், தம் பெயர் இடம்பெற்ற பட்டியல் பகுதியின் சான்றளிக்கப்பட்ட நகலைத் தர வேண்டும், அவ்வளவுதான்.

குழப்பத்துக்குக் காரணம் முன்மொழிபவர்களாக இருக்கலாம். அவர்கள்தாம் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருந்தாக வேண்டும்: அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர், சுயேச்சைக்குப் பத்துப் பேர். 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானதும், முன்மொழிந்தவர்களில் இருவர் அது தங்கள் கையெழுத்தல்ல என்று மறுத்ததால்தான்.