சுருக்கினால் ஒருங்கிணைந்துவிடாது

ஒருவர், "ஒருங்கிணைந்த விஞ்ஞானம் என்றால் பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியலைச் சுருக்கி, கணக்கை எடுத்துவிட்டுக் கலைப்பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது" என்கிறார். அது வெறும் சுருக்கம்.

ஒரு கேள்வியில் தொடங்கி, தேவைப்படும் துறைகளை உள்ளே இழுப்பதுதான் ஒருங்கிணைப்பு. நம்ம மட்டக்களப்பு வாவியையே எடுங்கள். கடும் வெயிலில் மீன் ஏன் மேலே வந்து வாயைத் திறக்கிறது? சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். இதிலேயே மூன்று பாடமும் வந்துவிட்டது. அப்புறம், கிளாசில் நல்ல தண்ணீர் எடுத்து, சாயம் கலந்த உப்புத் தண்ணீரை ஓரமாக மெல்ல ஊற்றுங்கள். அடியில் போய்த் தங்கும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தால் வரும் கடல்நீரும் அப்படித்தான்.

கணக்கை ஏன் எடுக்க வேண்டும்? கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பாதிக்குப் பாதி ஆற்றுநீர் கலந்தால் எவ்வளவு? சமையல் தெரிந்த பிள்ளை நொடியில் சொல்லும்.