ராணுவ அதிகாரிகளின் படிப்பு: ஒரு திருத்தம்

ராணுவம் மருத்துவம்போல முறையான படிப்புள்ள தொழில் அல்ல, உடல் வலுவும் கீழ்ப்படிதலும் இருந்தால் போதும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலர் அதை ஆமோதித்தும் இருக்கிறார்கள். படிப்பைப் பற்றிச் சொன்னது மட்டும் சரியல்ல, நண்பரே.

புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) சேர்பவர் மூன்று ஆண்டுகள் படிக்கிறார். மைதானத்தில் அணிவகுப்பு முடித்த அதே பையன்தான் வகுப்பறையில் உட்கார்ந்து பாடம் எழுதுகிறான். முடிவில் அவன் கைக்கு வருவது டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம். தரைப்படைக்குப் போகிறவருக்கு அதன் பிறகும் டேராடூனில் ஓராண்டுப் பயிற்சி உண்டு. பல ஆண்டுப் பணிக்குப் பின்னும் புத்தகம் விடுவதில்லை: நம் நீலகிரியின் வெலிங்டன் கல்லூரியில் உயர்பயிற்சி முடிக்கும் அதிகாரிகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.எஸ்சி. பட்டம் வழங்குகிறது. இவ்வளவு உழைப்பை ஒரே வரியில் தள்ளிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரிபார்ப்பது எளிது. யூ.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை வெளியிடும் என்.டி.ஏ. தேர்வு அறிவிப்பை அதன் இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கடைசிப் பக்கங்களில் உள்ள பின்னிணைப்பைப் பாருங்கள். பயிற்சிக் காலமும் பட்டத்தின் பெயரும் அங்கேயே இருக்கின்றன.