தட்டில் சாகும் கிருமி உடம்பில் சாகுமா?
மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள், உடலுறவில் தொற்றும் கொனோரியா நோயின் கிருமியை ஆய்வகத் தட்டில் கொன்றதால் மருந்து தயாராகிவிட்ட மாதிரி இந்தக் கட்டுரையை முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. தட்டில் கிருமியின் மேலேயே ஊற்றுகிறோம். விழுங்கும் குர்குமின் ரத்தத்தில் சேர்வதே மிகக் குறைவு. சரி, சேர்ந்தாலும் உள்ளே வருவதை வெளியே தள்ளும் பம்புகள் இந்தக் கிருமியிடம் இருக்கின்றன. என்னைக் கேட்டால் தாவரங்களில் தேட வேண்டியது இந்தப் பம்புகளை அடைக்கும் பொருளைத்தான். பெர்பெரிஸ் செடிகள் சில, கிருமியைத் தாக்கும் பெர்பெரினோடு, அதை வெளியே தள்ளவிடாமல் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளையும் தயாரிக்கின்றன. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற வேறொரு கிருமியில் இதை 2000-இலேயே காட்டிவிட்டார்கள். அப்படி ஒரு துணைமருந்து கொனோரியாவுக்கும் கிடைத்தால், கிருமி எதிர்த்துப் பழகியதால் கைவிட்ட பழைய மாத்திரைகள் சில மறுபடி வேலை செய்யலாம். அப்புறம், மேலே ‘வால்மிளகே போதும், ஆன்டிபயாட்டிக் ஊசி எதற்கு’ என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன்பு ஐரோப்பிய டாக்டர்களும் வால்மிளகும் சந்தன எண்ணெயும்தான் கொடுத்தார்கள். சிறுநீர் எரிச்சல் தணியும், தொற்று தங்கிவிடும். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். கவுன்ட்டரில் கூட்டம் குறையும்வரை தள்ளி நின்று, பிறகு குரலைத் தாழ்த்தி, ‘எரிச்சல் நின்னுடுச்சு, இனி டாக்டர்கிட்ட போக வேணாம்ல?’ என்று கேட்பவர்களைப் பார்த்தால் பதறுகிறது. வீட்டில் மனைவிக்கும் தொற்றியிருக்கலாம். பல பெண்களுக்கு அறிகுறியே இருக்காது, கருக்குழாய் அடைத்த பிறகுதான் தெரியவரும்.