அயலாரைக் கொள்ளைக்காரர் ஆக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கலந்துரையாடலின் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பிரெஞ்சுக்காரனும் ஜேர்மன்காரனும் காலையில் வந்து எங்கள் பிராங்கை வாரிக்கொண்டு மாலையில் போய்விடுகிறான், எல்லையை இறுக்கினால் சுவிஸ் தானாகச் செழிக்கும்" என்று நம் சுவிஸ் தமிழர் ஒருவர் முழங்க, மண்டபமே கைதட்டியது. பேச்சைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்கு வலித்தது.

சுவிஸ் தன் அயல்நாடுகளுக்குப் படியளக்கவில்லை. அவற்றோடு சேர்ந்தே பிழைக்கிறது. இந்நாட்டின் ஏற்றுமதியில் ஏறத்தாழப் பாதி ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிறது. இறக்குமதியில் பாதிக்கும் மேல் அங்கிருந்தே வருகிறது. எல்லைக்கு அப்பால் குடியிருந்து இங்கு வேலை செய்வோர் 4 இலட்சத்துக்கும் அதிகம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிரான்சிலிருந்து வருகிறார்கள். பிரான்சும் ஜேர்மனியும் தொடும் எல்லை நகரான பாசலில் வாழ்பவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 8ஆம் இலக்க ட்ராம் ஜேர்மனியின் வைல் நகருக்குப் போகிறது. 3ஆம் இலக்கம் பிரான்சின் சென் லூயிக்குப் போகிறது. நம் விமான நிலையமோ முழுக்கப் பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது. முதலீடும் இங்கிருந்து அங்கே போகிறது. பாசலின் மருந்து நிறுவனமான ரோஷ், எல்லையை ஒட்டிய ஜேர்மனியின் கிரென்சாக்கிலும் இயங்குகிறது. சுவிஸ் தளபாட நிறுவனமான வீட்ராவின் நாற்காலிகள் வைலில் உருவாகின்றன. இதில் யார் யாரைக் கொள்ளையடிக்கிறார்கள்?

2020 மார்ச்சில் எல்லைக் கடவைகள் பல மூடப்பட்டபோது நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் இரவுத் தாதி பிரான்சின் அல்சாஸ் பகுதியிலுள்ள முல்ஹவுசிலிருந்து வருபவர். அவருடைய ஊர் மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்த நாட்களிலும், திறந்திருந்த கடவையில் வாகன வரிசையில் காத்திருந்து, அனுமதி அட்டையையும் இல்லத்தின் கடிதத்தையும் காட்டிவிட்டு, கண் சிவந்து வந்து சேருவார். கையுறை மாட்டும்போதே யாருக்குக் காய்ச்சல் என்றுதான் கேட்பார். அதே நாட்களில் அல்சாஸ் நோயாளிகளைப் பாசல் மருத்துவமனைகள் ஏற்றுக்கொண்டன. அந்தப் பெண்ணைத்தான் பிராங்கை வாரிக்கொண்டு போகிறவர் என்கிறீர்கள்.

"வாடகை ஏறுகிறதே" என்பீர்கள். மாலையில் தன் ஊருக்குத் திரும்புகிறவர் இங்கே எந்த வீட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்? "சம்பளம் குறைகிறதே" என்பதில் நியாயம் உண்டு, இத்தாலி எல்லையிலுள்ள திச்சினோ மாநிலத்தில் குறிப்பாக. அதற்காகத்தான் 2004இலிருந்து சம்பளக் கண்காணிப்பு நடக்கிறது. அது போதாதென்றால் இன்னும் கடுமையாக்கச் சொல்லுங்கள், நானும் உங்களோடு நிற்கிறேன். குறைந்த சம்பளம் கொடுப்பவர் முதலாளி; வசவு வாங்குபவர் தொழிலாளி. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீ யார் எங்களுக்குப் பாடம் நடத்த" என்று எழுதப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன். எண்பதுகளில் நம் அண்ணன்மார் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவியபோது, அவர்களைப் பற்றியும் இதே வசனங்கள் பேசப்பட்டன. அதைக் கேட்டு வளர்ந்த வீடுகளிலிருந்து வந்தவர்களே இன்று அடுத்தவனைப் பார்த்து அதைச் சொல்வதை எப்படித் தாங்குவது?

எல்லையை இறுக்குவது கதவைச் சாத்துவதுபோல் எளிய காரியமும் அல்ல. சுவிசும் ஐரோப்பிய ஒன்றியமும் 1999இல் கையெழுத்திட்ட ஏழு உடன்படிக்கைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஆட்களின் தடையற்ற நடமாட்டத்தை முறித்தால் மற்ற ஆறும் சேர்ந்து போகும். 2021 மே மாதம் ஒன்றியத்துடனான பேச்சுவார்த்தையை சுவிஸ் அரசு முறித்துக்கொண்ட அன்றே, மருத்துவக் கருவிகளுக்கு ஒருவர் சான்றை மற்றவர் ஏற்கும் பரஸ்பர அங்கீகாரம் விடுபட்டது. இங்கே செய்த கருவியை அங்கே விற்க ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியை வைக்கவும், பொதியின் விவரச்சீட்டை மாற்றவும் நேர்ந்தது. சிறிய நிறுவனங்களுக்கு அது பெருஞ்செலவு. ஒரே ஒரு துறையில் நேர்ந்தது இது. ஏழும் போனால் முதலில் வேலை இழப்பவர் தொழிற்சாலையிலும் களஞ்சியத்திலும் நிற்கும் நம்மவராகவும் இருப்பார். வாக்குரிமை உள்ளவர்கள் அடுத்த வாக்குச்சீட்டை நிரப்புமுன் அந்த ஏழும் எவை என்றாவது வாசித்துப் பாருங்கள்.