சட்டத்தையும் வணிகத்தையும் சேர்த்துப் படிப்பதை இழிவாகப் பேசுகிறவர்களுக்கு

அந்தக் காணொளியை நான் இங்கே மறுபடியும் பகிரப் போவதில்லை. இரண்டு நாட்களாக எல்லாருடைய பக்கத்திலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பேசியவர் மூத்த வழக்கறிஞர், பல இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர், அவர் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. ஆனால் பன்னாட்டுச் சட்டமும் வணிகமும் சேர்ந்த முதுநிலைப் படிப்பில் சேரலாமா என்று ஒரு மாணவி எழுந்து கேட்டதற்கு, "அது இரண்டுங்கெட்டான் படிப்பும்மா, அதைப் படித்தவர்கள் கோர்ட்டிலும் நிற்க மாட்டார்கள், கம்பெனியிலும் நிற்க மாட்டார்கள்" என்று அவர் சொல்ல, அரங்கமே சிரித்ததே, அதை என்னால் கடந்து போக முடியவில்லை. கேள்வி கேட்டவருக்கு ஒரு நிமிடம் ஒதுக்கி, அந்தப் படிப்பில் என்ன பாடங்கள் இருக்கின்றன என்றாவது அவர் கேட்டிருக்கலாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் நம் ஊர்களில் போதுமான அளவு இல்லாததால், உழைத்துச் சம்பாதிக்கிற ஏற்றுமதியாளர்கள் பணத்தை இழக்கிறார்கள். சட்டம் மட்டும் தெரிந்தவராலும் அந்தப் பணத்தைக் காப்பாற்ற முடியவில்லை, வணிகம் மட்டும் தெரிந்தவராலும் முடியவில்லை.

எங்கள் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது. என் சித்தப்பா திருப்பூரில் சிறிய பனியன் ஏற்றுமதி யூனிட் நடத்தி வந்தார். ஜெர்மனியில் ஒரு பையருக்கு, அதாவது சரக்கு வாங்கும் நிறுவனத்துக்கு, குழந்தைகளுக்கான டீ-சர்ட் அனுப்பினார். சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறி, அங்கே இறங்கி, கடைகளில் விற்பனைக்கும் வந்து பல மாதங்கள் ஆன பிறகு, சாயம் போகிறது என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. கூடவே, பில் தொகையில் பெரும்பகுதியைக் கழித்து ஒரு டெபிட் நோட். பர்ச்சேஸ் ஆர்டரை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் முழுவதும் வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. ஜெர்மானியச் சட்டமே பொருந்தும், வழக்கு அங்குள்ள நீதிமன்றத்தில்தான் என்று அதில் ஒரு வரி. அந்த வரியின் மேலேயே எங்கள் யூனிட்டின் ரப்பர் ஸ்டாம்ப் ஊதா மையில் சற்றுச் சாய்வாகப் பதிந்திருந்தது, அதன் குறுக்கே சித்தப்பாவின் கையெழுத்து.

வக்கீலிடம் போனோம். சிவில் வழக்குகளில் நல்ல பெயர் எடுத்தவர். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தைப் பிரித்துவைத்துப் பொறுமையாக விளக்கினார். அதன்பின் ஆடிட்டரிடம் போனோம். வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும், விட்டுவிடுங்கள் என்றார். ஏற்றுமதிப் பணம் வராமல் போனால் ஈடுகட்டும் அரசு நிறுவனமான ஈசிஜிசியின் காப்பீட்டு பாலிசி இருந்தது. ஆனால் பையர் தரத்தைப் பற்றித் தகராறு எழுப்பினால், பையரின் நாட்டு நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வாங்கி வந்தால்தான் இழப்பீடு கிடைக்கும் என்பது அந்த பாலிசியிலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்கும் நிபந்தனை. இவர்களில் எவரும் தவறாக எதையும் சொல்லவில்லை. அவரவர் படித்த எல்லைக்குள் அவரவர் சொன்னது சரிதான். ஆனால் பர்ச்சேஸ் ஆர்டர், டெபிட் நோட், பாலிசி என்ற அந்த மூன்று தாள்களையும் ஒன்றாக வைத்துப் படிக்கத் தெரிந்த ஒருவர் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, நான் முதுநிலை வகுப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் விடை கிடைத்தது. பன்னாட்டுச் சரக்கு விற்பனை ஒப்பந்தங்கள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை ஒன்று 1980இல் வியன்னாவில் ஏற்கப்பட்டு, 1988இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதில் சேரவில்லை. எனவே எல்எல்பி படிக்கும்போது நான் அதைக் கேள்விப்பட்டதோடு சரி. ஆனால் ஜெர்மனி அதில் உறுப்பு நாடு. ஒப்பந்தத்தில் ஜெர்மானியச் சட்டம் பொருந்தும் என்று எழுதிவிட்டு, இந்த உடன்படிக்கையைத் தனியாக விலக்காமல் விட்டிருந்தால், அங்கே பொருந்தும் சட்டம் இதுதான். இதன் 38, 39 பிரிவுகளின்படி, வாங்கியவர் சரக்கைக் கூடிய விரைவில் பரிசோதிக்க வேண்டும். குறை இருந்தால் நியாயமான காலத்துக்குள், இன்ன குறை என்று குறிப்பிட்டுத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அந்தக் குறையைக் காரணம் காட்டும் உரிமையையே பொதுவாக இழந்துவிடுவார். சாயம் போவது ஒரு முறை துவைத்தாலே தெரிந்துவிடும் குறை. சித்தப்பா வழக்கில் வென்றிருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டெபிட் நோட்டுக்குப் பதில் எழுத அவர் கையில் ஒன்று இருந்திருக்கும். பின்பக்கத்தில் அச்சடித்திருந்த அந்த ஒரு வரி அவருக்கே துணையாக நின்றிருக்கும். அவரோ யூனிட்டை விற்றுக் கடனை அடைத்தார்.

அனுபவத்தில் எல்லாம் வந்துவிடும், தனியாகப் படிக்க என்ன இருக்கிறது என்று அந்தக் காணொளிக்குக் கீழே பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். யாருடைய பணத்தில் வரும் அனுபவம் அது? இளம் வக்கீல் கற்றுக்கொள்வதற்காக ஒரு யூனிட் மூடப்பட வேண்டுமா?

சட்டம் மட்டும் போதாது என்பதையும் அதே அழுத்தத்துடன் சொல்கிறேன், ஏனென்றால் என் வக்கீல் நண்பர்களுக்குத்தான் இது பிடிப்பதில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூரில் நடந்ததை எல்லாரும் பார்த்தோம். எஃப்ஓபி முறையில், அதாவது சரக்கைக் கப்பலேற்றுவதோடு விற்பவரின் பொறுப்பு முடியும்படி விற்றிருந்தால், இறக்குமதி வரியைக் கட்ட வேண்டியவர் பையர்தான். எந்தச் செலவு யாருடையது என்று சொல்லும் பன்னாட்டு வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸில் இதில் எந்தக் குழப்பமும் இல்லை. வரியையும் விற்பவரே கட்ட வேண்டும் என்றால் அது டிடிபி, அது வேறு விலை. ஆனால் பையர்கள் விலையைக் குறைக்கச் சொன்னபோது, ஒப்பந்தத்தைக் காட்டி முடியாது என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? பாதிக்கு மேற்பட்ட விற்பனை ஒரே பையரிடம் இருக்கிறது, நூலுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, பேக்கிங் கிரெடிட்டுக்கு, அதாவது சரக்கு அனுப்பும் முன் வங்கி தந்த கடனுக்கு, வட்டி ஓடுகிறது. அந்த இடத்தில் தேவைப்படுகிறவர், சட்டப்படி தனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்பதை அறிந்து, அதில் எவ்வளவை இன்று விட்டுக்கொடுக்கலாம், பதிலுக்கு எதை எழுதி வாங்கலாம் என்று கணக்குப் போடத் தெரிந்தவர். அப்படி ஒருவரை உருவாக்குகிற படிப்பைத்தான் இரண்டுங்கெட்டான் என்கிறார்கள்.

இது கார்ப்பரேட் கம்பெனிகளுக்குச் சேவகம் செய்கிற படிப்பு, மக்களுக்கு என்ன பயன் என்று ஒரு தோழர் எழுதியிருக்கிறார். அவருக்குச் சென்னைக்கு அருகிலுள்ள ஒரகடத்தை நினைவூட்டுகிறேன். அங்கு கார்த் தொழிற்சாலை அமைப்பதற்காக 2008இல் தமிழ்நாடு அரசு செய்துகொண்ட உடன்பாட்டின்படி தர வேண்டிய ஊக்கத்தொகை வரவில்லை என்று நிசான் நிறுவனம், இந்தியா-ஜப்பான் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் இந்திய அரசுக்கு எதிராகவே பன்னாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. கேட்ட தொகை 5,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2017இல் செய்தி வந்தது. 2020இல் சமரசத்தில் முடிந்தது. மாநில அரசு அதிகாரி இடும் கையெழுத்து எந்தப் பன்னாட்டு ஒப்பந்தத்தோடு போய் முட்டும் என்று முன்கூட்டியே சொல்ல ஒருவர் வேண்டும். அது மக்கள் பணம் இல்லையா? அதேபோல், ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 முதல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, அங்குள்ள பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு தருபவர்களிடத்தில் தொழிலாளர் உரிமை மீறல் நடக்கிறதா என்று கவனிக்கக் கடமைப்பட்டிருக்கின்றன. நம் நூற்பாலைகளில் வேலை செய்கிற பெண்களுக்காகப் பேசுகிற தோழர்களே, அந்தச் சட்டத்தைப் படித்து, அதன்படி அங்கே ஒரு புகார் எழுதத் தெரிந்த வக்கீல் உங்களுக்கு வேண்டாமா?

செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வெளிநாட்டில் இந்தப் படிப்புக்குப் பல லட்சம் ஆகும், வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. நானும் கல்விக் கடனில்தான் படித்தேன், அதன் சுமை எனக்குத் தெரியும். ஆனால் செலவு அதிகம் என்பதற்காகப் படிப்பே வீண் என்று எப்படி ஆகும்? இங்கேயே கிடைக்கச் செய்ய வேண்டும் என்றல்லவா கேட்க வேண்டும்? நம் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் எல்எல்எம் பிரிவுகளில் வணிகச் சட்டம் தனித் துறை, பன்னாட்டுச் சட்டம் தனித் துறை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பன்னாட்டுச் சட்டத்தையும் பொருளியலையும் ஒரே முதுநிலைப் படிப்பாகவே நடத்துகிறார்கள். பின்னலாடையும் தோலும் காரும் கப்பலேற்றுகிற மாநிலத்தில் அப்படி ஒன்று ஏன் கூடாது? திருப்பூரிலோ ஆம்பூரிலோ மாலை வகுப்பாக, வங்கி அதிகாரியும் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரும் வக்கீலும் ஒரே அறையில் உட்காரும்படி நடத்த முடியாதா?

ஏதோ பல்கலைக்கழகத்துக்கு நான் விளம்பரம் செய்கிறேன் என்று எழுதியவருக்குப் பதில் சொல்லும் மனநிலையில் நான் இல்லை. நான் படித்த இடத்தின் பெயரை இந்தப் பதிவில் எங்கும் எழுதவில்லை.

என்னை உண்மையில் புண்படுத்தியது பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஊர் சுற்றும் படிப்பு என்று ஒருவர் எழுதியதும், அதற்கு விழுந்த நூற்றுக்கணக்கான சிரிப்பு முகங்களும்தான். எங்கள் வீட்டில் அம்மா செக்கிங் டேபிளில் நின்று பிசிறு வெட்டியவர். ஒரு பிள்ளை எட்டாத ஒன்றை ஆசைப்பட்டால் அதை ஆடம்பரம் என்று சொல்லி உட்கார வைப்பது நமக்கு எவ்வளவு எளிதாக வருகிறது! பெரிய நிறுவன வழக்கறிஞர்களின் பிள்ளைகளிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை. அவர்கள் போய்ப் படித்துவிட்டு வருகிறார்கள், நமக்கு வருகிற பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தை எழுதுகிறவர்கள் அவர்களைப் போன்றவர்கள்தான். கையெழுத்துப் போடுகிறவர்கள் மட்டும் நாம்.

உள்பெட்டியில் இந்தப் படிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிற மாணவர்களுக்குச் சொல்கிறேன். பெயரில் "இன்டர்நேஷனல்", "பிசினஸ்" என்று இருப்பதைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். பாடப் பட்டியலை எழுதிக் கேட்டு வாங்குங்கள். விற்பனை ஒப்பந்தம், நடுவர் தீர்ப்பாயம், உலக வணிக அமைப்பின் விதிகள் இவற்றோடு, பையர் சார்பில் பணத்துக்கு வங்கி தரும் உறுதிக் கடிதமான எல்சியும் ஏற்றுமதி நிதியும் நிதிநிலை அறிக்கையைப் படிக்கும் முறையும் அதில் இருக்க வேண்டும். நியூயார்க் உடன்படிக்கையின் கீழ் ஒரு நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டில் எப்படி நிறைவேற்றுவது என்பதைச் செய்து காட்டிக் கற்பிக்கிறார்களா என்று கேளுங்கள். சட்டத் துறை ஆசிரியர்கள் மட்டுமே நடத்துகிறார்கள் என்றால் அது பெயரளவில்தான் கூட்டுப் படிப்பு, அதற்குக் கடன் வாங்க வேண்டாம். என்னிடம் உள்ள பாடக் குறிப்புகளை யார் கேட்டாலும் அனுப்புகிறேன்.