எடையைவிட அன்றாடச் செயல்களே முதல் இலக்காகட்டும்

உடற்பருமன் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், அடைய வேண்டிய எடையை முதல் மாதமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டுரையாளரின் யோசனையை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. இரைப்பையின் ஏறத்தாழ 80 விழுக்காட்டை அகற்றும் ஸ்லீவ் சிகிச்சைக்குப் பிறகு எடை ஒரே சீராகக் குறைவதில்லை; தொடக்கத்தில் வேகமாக இறங்கி, சில வாரங்களிலேயே முள் அசையாமல் நின்றுவிடுவதும் பிறகு மீண்டும் இறங்குவதும் இயல்பு. அப்படி நின்ற நாட்களில்தான் என் அக்கா மனமுடைந்து போனார். அவருடைய உணவியல் நிபுணர் எடைக் குறிப்பேட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, நாளொன்றுக்கு 60 கிராம் புரதம், சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்தே தண்ணீர் என்ற இரண்டை மட்டும் இலக்காகத் தந்தார். அக்கா முட்டையின் வெள்ளைக்கருவை முதலில் முடித்து, வயிற்றில் இடமிருந்தால் மட்டுமே அரை இட்லியைத் தொடுவார். கைப்பிடியைப் பற்றாமல் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஏற வேண்டும் என்பது அவரே வைத்துக்கொண்ட இலக்கு. அது நிறைவேறிய அன்று அவர் எடை பார்க்கவே இல்லை. வைட்டமின் பி12, இரும்புச்சத்து, கால்சியம் ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் எடுத்துக்கொண்டு, அவ்வப்போது இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டிய தேவையைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. அதைப் பற்றித் தனியாகவே விரிவாக எழுதுமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.