அந்த ஜெட்டைக் கீழ வைங்கய்யா!

பிளக்கைக் கழட்டுறாங்க. நாலும் கரியா இருக்கு. அடுத்த நொடியே தீர்ப்பு வந்துடுது: "ரிச்சா ஓடுது, மெயின் ஜெட்டைக் குறை." அதாவது கலவையில பெட்ரோல் கூடிப் போச்சாம், கார்ப்பரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடுற அந்தக் குட்டி ஓட்டையைச் சின்னதாக்கணுமாம்.

யப்பா சாமி. இன்னும் எத்தனை வருஷத்துக்கு இதே கூத்து?

ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2, ரெண்டு லிட்டர் பின்டோ இன்ஜின், பக்கவாட்டுல ரெண்டு வெபர் 45 கார்ப்பரேட்டர். அயர்லாந்துல எந்தத் தார் ரோட்டு ராலிக்குப் போனாலும் இந்தக் கார் வரிசை கட்டி நிக்கும். அதுல ஒண்ணாவது பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கும். சுத்தி ஆறு பேர் குனிஞ்சிருப்பாங்க. ஆறு பேர் கண்ணும் கார்ப்பரேட்டர் மேலதான். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. எஸ்கார்ட்டுக்கு இளைச்சவன் வெபர். பின்னால டேங்க்ல கோளாறா, டிக்கியில ஒயர் லூஸா, எதுவானாலும் அடி வாங்குறது அந்த ரெண்டு பேர்தான்.

வண்டி என்ன பண்ணுச்சுன்னு ஓட்டினவர் தெளிவாத்தான் சொல்றார். அயர்லாந்து மலைப்பாதை மால்ஸ் கேப் மாதிரி நீளமான ஏத்தம். மூணாவது கியர்ல முழுசா மிதிச்சா முதல் ஆறேழு நொடி அருமையா இழுக்குது. அப்புறம் பின்னால கயிறு கட்டி யாரோ பிடிச்ச மாதிரி தொய்யுது. காத்து உள்ள போற டிரம்பெட் குழாய் வழியா பட் பட்னு துப்புது. மிதியை விட்டு ரெண்டு வளைவு மெதுவாப் போனா உயிர் வருது. திரும்ப மிதிச்சா திரும்ப அதே ஆறேழு நொடி.

இதுக்கு மேல ஒரு கார் எப்படிய்யா வாயைத் திறந்து சொல்லும்? கார்ப்பரேட்டருக்குள்ள பெட்ரோல் தேங்குற ஃப்ளோட் கிண்ணத்துல நிறைஞ்சிருந்தது ஆறேழு நொடிக்குத் தாங்குது. அது தீர்ந்ததும், பின்னாலேருந்து வர்ற பெட்ரோல் பத்தலை. மிதியை விட்டா கிண்ணம் மெல்ல நிறையுது. அவ்வளவுதான் கதை. கரண்ட் பக்கம் கோளாறுன்னா சடார்னு வெட்டும், பல நேரம் ஆர்பிஎம் முள்ளும் சேர்ந்து துள்ளும். பெட்ரோல் பத்தலைன்னா தொய்யும். வெட்டுறது வேற, தொய்யுறது வேற. காது இருக்கிற யாருக்கும் தெரியும். ஆனா குனிஞ்சு நிக்கிற ஆறு பேருக்கும் அப்ப காது இருக்காது, வாய் மட்டும்தான்.

ஸ்டேஜ்னா நேரம் பாத்து ஓட்டுற பந்தயப் பகுதி. அதுக்கு நடுவுல வண்டியைச் சரிபண்ண, அதாவது சர்வீஸுக்கு, இருபது நிமிஷம். என்ன நடக்குதுன்னு பாருங்க.

முதல் ரெண்டு நிமிஷம், நின்ன இடத்துலயே ஆக்ஸிலரேட்டரை முறுக்கிப் பாக்குறது. வ்ரூம், வ்ரூம். சுத்தமா ஏறுது. ஏறாம? லோடு இல்லாம சுத்துற இன்ஜின் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? பந்தியில உக்காராதவனுக்குச் சோறு பத்தலைன்னு எப்படித் தெரியும்? "இப்ப நல்லாத்தானே இருக்கு?"ன்னு ஒருத்தர் ஓட்டினவரையே சந்தேகமாப் பாப்பார். அந்தப் பார்வைக்கே தனியா ஒரு பதிவு போடலாம்.

மூணாவது நிமிஷம் பிளக். கரி. தீர்ப்பு. அய்யா, அந்தக் கார் ஸ்டேஜ் முடிஞ்சதும் நேரா உங்க மடியிலயா வந்து விழுந்துச்சு? சாதாரண ரோட்டுல டிராக்டருக்குப் பின்னால பதினஞ்சு கிலோமீட்டர் ஊர்ந்து வந்திருக்கு. வெபர்ல ஏறக்குறைய 3000 ஆர்பிஎம் வரைக்கும், மெதுவா ஓடும்போது பெட்ரோல் விடுற ஐடில் ஜெட்டோட ராஜ்ஜியம். அதுவரைக்கும் மெயின் ஜெட்டுக்குப் பெருசா வேலையே இல்லை. பிளக்ல நீங்க பாக்குறது டிராக்டருக்குப் பின்னால சேர்ந்த கரி. முழு மிதியில கலவை எப்படி இருக்குன்னு தெரியணும்னா, முழு மிதியில போகும்போதே கிளட்சை மிதிச்சு, அதே நொடியில இக்னிஷனை ஆஃப் பண்ணி, உருட்டிக்கிட்டே ஓரங்கட்டி, அங்கேயே பிளக்கைக் கழட்டணும். ராலி நடுவுல அதைச் செய்ய முடியாது, டெஸ்ட் நாள்ல செய்யணும். டெஸ்ட் நாள்ல எல்லாரும் என்ன பண்றாங்க? ஸ்டிக்கர் ஒட்டுறாங்க.

ஆறாவது நிமிஷம் மெயின் ஜெட் மாறுது. சோக், அதாவது கார்ப்பரேட்டர்ல காத்து போற குறுகின வழி, 36 மில்லிமீட்டர்னா நாலால பெருக்கி 144, அதனால 145 ஜெட்ல ஆரம்பிக்கிறது வழக்கம். அந்த 145 போய் 140 வருது. பெட்ரோல் கிடைக்காம சாகுற இன்ஜினுக்கு இன்னும் சின்ன ஓட்டை! பட்டினி கிடக்கிறவனைக் கூப்பிட்டுப் பத்தியம் இருக்கச் சொல்ற வைத்தியம். கொடுமை என்னன்னா அடுத்த ஸ்டேஜ்ல கொஞ்சம் தேவலைன்னே தோணும். ஏன்? சின்ன ஜெட் கொஞ்சமாக் குடிக்குது, அதனால கிண்ணம் ஆறு நொடிக்குப் பதிலா ஏழு நொடி தாங்குது. "பாத்தியா, சொன்னேன்ல?" 135 போடச் சொல்லுவாங்க. கலவை லீனாகி, அதாவது பெட்ரோல் குறைஞ்சு, உள்ள டெட்டனேஷன்னு தாறுமாறா வெடிக்க ஆரம்பிச்சு, பிஸ்டன் தலையில ஓட்டை விழுற வரைக்கும் அந்தச் "சொன்னேன்ல" ஓயாது.

ஒன்பதாவது நிமிஷம் பெட்ரோல் பிரஷர் கேஜ். 3 பிஎஸ்ஐ காட்டுது. வெபருக்கு அதுதான் சரி. "பம்ப் ஓகே." எப்படி ஓகே? தெருக்குழாய் வாயை விரலால அடைச்சுப் பாருங்க, பீய்ச்சி அடிச்சு மூஞ்சியை நனைக்கும். குடத்தை வைங்க, நூல் மாதிரி ஒழுகும். அழுத்தம் வேற, அளவு வேற. ஐடில்ல நிக்கிற இன்ஜின் விரல் வச்ச குழாய். அதுல கேஜ் எதைத்தான் காட்டும்? இது புரியாத ஒரு புண்ணியவான் "எதுக்கும் கூட்டி வைப்போம்"னு ரெகுலேட்டரைத் திருகி 5 ஆக்கிடுவார். அவ்வளவு அழுத்தத்தை, கிண்ணம் நிறைஞ்சதும் பெட்ரோலை அடைக்கிற ஊசி வால்வு தாங்காது. ஐடில்ல கிண்ணம் பொங்கி வழியும். பிளக் இன்னும் கருக்கும். அப்ப என்ன சொல்லுவாங்க? "பாரு, இன்னும் ரிச்!"

பன்னிரண்டாவது நிமிஷம் ஒரு கை உள்ள போய் கார்ப்பரேட்டரை ஆட்டிப் பாக்கும். "அட, லூசா இருக்கே!" உடனே ஸ்பேனர். லூசாத்தான்யா இருக்கணும்! வெபரை ரப்பர் மவுண்ட்டுல, சுருள் மாதிரி இருக்கிற தாக்கரே வாஷர் போட்டு, சுருளுக்கு நடுவுல ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளி தெரியிற மாதிரி விட்டு மாட்டுறதே, நாலு சிலிண்டர் இன்ஜினோட நடுக்கம் கிண்ணத்துக்குப் போய்ச் சேரக் கூடாதுன்னுதான். நட்டு தானா சுழலக் கூடாதுன்னுதான் நைலாக் நட். அதை நசுங்குற வரைக்கும் முடுக்கினா உள்ள பெட்ரோல் டிகிரி காபி மாதிரி நுரைச்சு நிக்கும். ஜெட் நுரையைக் குடிக்கும். பழைய மிஸ்ஸிங்கோட புதுசா ஒரு மிஸ்ஸிங், இலவச இணைப்பு.

பதினஞ்சாவது நிமிஷம் "எதுக்கும் காயிலையும் மாத்திடுவோம்." கைக்குக் கிடைச்சது பேலஸ்ட் காயில், ஒன்றரை ஓம், ரெசிஸ்டர் வழியா வோல்ட்டைக் குறைச்சுத்தான் கொடுக்கணும். அதுக்கு முன்னால ரெசிஸ்டர் இருக்கான்னு யாரும் பாக்கலை. நேரா 12 வோல்ட். அடுத்த ஸ்டேஜ்ல சூடேறி அதுவும் சாகும், அப்ப நிஜமாவே "வெட்டும்". இதுக்குள்ள இருபது நிமிஷம் ஓடிடுச்சு. தாமதமாகுற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பத்து நொடி அபராதம். பானெட்டை மூடி, ரெண்டு தட்டு தட்டி, "இப்ப பறக்கும் பாரு."

ஏன் எல்லாரும் ஜெட் மேலயே பாய்றாங்கன்னு யோசிச்சுப் பாத்தா ஒரே காரணம்தான். கை வச்சவுடனே கிடைக்குது. ஒரே ஒரு இறக்கை நட். விரலால திருகினா மூடி வந்துடும், ஸ்க்ரூடிரைவரால நாலு சுத்து, ஜெட் கையில. அரை நிமிஷ வேலை, பாக்குறவங்களுக்குப் பெரிய வித்தகர் மாதிரி தோற்றம். பெட்ரோல் ஃபில்டர் எங்க இருக்கு? காருக்கு அடியில, பின் ஆக்ஸில் பக்கம், சேறும் ஆட்டுப் புழுக்கையும் அப்பின இடத்துல. நனைஞ்ச புல்லுல மல்லாக்கப் படுத்தாத்தான் கை எட்டும். அங்க யார் படுப்பா?

படுங்க. அதுக்கு முன்னால காசு செலவில்லாத ஒரு வேலை: ஓடி நின்ன சூட்டோட டேங்க் மூடியைத் திறந்து காதை வைங்க. உஸ்ஸுனு காத்து உள்ள போனா, டேங்குக்குக் காத்து விடுற வென்ட் அடைச்சிருக்கு. கார் உருண்டா மூடிக்கிற அந்தக் குட்டி வால்வு ஒட்டிக்கிட்டிருக்கும். சத்தம் இல்லையா? பம்ப் முனையிலயே மீட்டரை வைங்க, பம்ப் ஓடும்போது, இன்ஜினும் ஓடும்போது. 13 வோல்ட்டுக்குப் பக்கத்துல இருக்கணும். 11 தான் வருதுன்னா பெயின்ட் மேல முடுக்கின எர்த்தைச் சுரண்டி மாட்டுங்க. அதுவும் சரின்னா கார்ப்பரேட்டர் முனையில ஹோஸைக் கழட்டி, கேன்ல விட்டு, பம்பை ஒரு நிமிஷம் ஓட விடுங்க. சூடான எக்ஸாஸ்ட்டுக்குத் தள்ளி, பக்கத்துல தீயணைப்பானோட ஒருத்தரை நிக்க வச்சு. 170 குதிரைத்திறன் பின்டோ முழு மிதியில நிமிஷத்துக்கு முக்கால் லிட்டருக்கு மேல குடிக்கும். அதனால கேன்ல ஒரு லிட்டராவது விழணும். அரை லிட்டர்தான் விழுந்துச்சா? கோளாறு கிடைச்சாச்சு. ஒரு ஜெட்டைக்கூடத் தொடலை.

அங்கேருந்து பின்னோக்கிப் போங்க. நாலு சிலிண்டரும் தொய்யாம 3-ம் 4-ம் மட்டும் தொய்ஞ்சா, பின்பக்க வெபரோட பெட்ரோல் நுழையிற இடத்துல ஒரு பித்தளை மூடி இருக்கும், அதுக்குள்ள விரல் நுனி அளவுக்கு ஒரு வலை. அப்படி ஒண்ணு இருக்கிறதே பாதிப் பேருக்குத் தெரியாது. நாலும் சேர்ந்து தொய்ஞ்சா பெரிய ஃபில்டர். அதைக் கழட்டித் தட்டுங்க, மஞ்சளாப் பொடி கொட்டும். தொட்டா பிசுபிசுன்னு விரல்ல ஒட்டும். அரதப் பழசு பஸ் சீட்டைக் கிழிச்சா வருமே, அந்தப் பஞ்சு மாதிரி. வளைவுல பெட்ரோல் அலம்பக் கூடாதுன்னு பாதுகாப்பு டேங்குக்குள்ள வைக்கிற ஃபோம் அது. எஃப்டி3ங்கிற தரத்துப் பாதுகாப்பு டேங்குக்கு ஆயுசு அஞ்சு வருஷம், தயாரிச்சவங்க சோதிச்சுக் கொடுத்தா இன்னும் ரெண்டு. தேதியை டேங்க் மேலயே அச்சடிச்சிருக்கான். அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

இதுல எத்தனாலும் சேர்ந்துச்சு. பிரிட்டன்ல 2021 செப்டம்பர்லயும், அயர்லாந்துல 2023 ஜூலையிலயும் பங்க்ல சாதாரண பெட்ரோலே இ10, அதாவது பத்து சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்தது, ஆயிடுச்சு. பழைய ஃபோமுக்கும் பழைய ரப்பருக்கும் அது ஆகாது. ஹோஸ் வெளியில புதுசு மாதிரி பளபளக்கும், உள்சுவர் ஊதி உரிஞ்சு கதவு மாதிரி தொங்கும். மெதுவா உறிஞ்சினா வழி விடும், வேகமா உறிஞ்சினா மூடிக்கும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 னு தரக் குறி ஹோஸ் மேல எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க. மீட்டருக்குக் கொஞ்சம் கூட ஆகும். அந்தக் காசை மிச்சம் பிடிச்சுட்டு, ஒரு பெட்டி நிறைய ஜெட் வாங்கி வச்சிருக்காங்க, 115-லேருந்து 170 வரைக்கும், வளையல் கடை மாதிரி.

சரி, ஃபில்டர் மாத்தியாச்சு, ரெகுலேட்டர் 3-க்கு வந்தாச்சு, 145 திரும்பி மாட்டியாச்சு, கார் கடைசி வரைக்கும் இழுக்குது. எல்லாம் சுபம்னு ஸ்டேஜ் வாசல்ல போய் நின்னா மழை பிடிச்சுக்குது. கண்ணாடி முழுக்க ஆவி. ஹீட்டரைப் போடலாம்னு பாத்தா ஹீட்டரே இல்லை. எடை குறைக்கிறேன்னு மூணு கிலோவைக் கழட்டிப் போட்டிருக்கான் மகராசன், பின்னால மூணு கிலோ ஸ்பேனர் வச்சுக்கிட்டு. கோ-டிரைவர் ஒரு கையில வளைவெல்லாம் குறிச்சு வச்ச பேஸ் நோட்ஸ், இன்னொரு கையில பழைய பனியன் துணி, "இடது மூணு, டோன்ட் கட்"னு கத்திக்கிட்டே கண்ணாடியைத் துடைக்கிறார். அதுவும் அவர் பக்கத்துக் கண்ணாடியை.